பாவையும் பேரும்: செயற்கை மனிதரைக் காட்டும் திரைப்படங்கள் பற்றி ஒரு நோக்கு

மனிதன் தன்னை ஒத்த ஒன்றைத் தன் கையாற் படைக்க விரும்புதல் இன்று நேற்றுத் தோன்றிய ஆசையன்று. கொல்லிமலையில் தெய்வம் வகுத்த பாவையைச் சங்கப் புலவர் பாடினர். தூணில் நின்று வருவதுரைக்கும் கந்திற்பாவையைச் சாத்தனார் மணிமேகலையில் அமைத்தார். வானில் எழும் மயிற்பொறியைத் திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணியில் இயக்கிக் காட்டினார். இவற்றினும் ஆழமான ஒரு பாவை வள்ளுவர் காட்டும் பாவையாகும். அகத்தில் நாண் இல்லாதவர் உலகில் நடமாடுதல், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதை ஒக்கும் என்பது நாணுடைமை அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தகாத செயலுக்கு நாணுதலை ஒரு நாணாகவும், மகளிர்க்கு இயல்பாகிய நாணத்தை வேறொன்றாகவும் அவர் பிரித்துரைக்கின்றார். ஆகவே, பாவையையும் மனிதனையும் பிரிக்கும் கோடு எலும்பும் தசையும் அன்று, அறிவும் அன்று. தகாதது செய்யக் கூசும் உள்ளமே அக்கோடு.

செயற்கை மனிதரையும் கேடுற்ற எதிர்காலத்தையும் காட்டும் திரைப்படங்களை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. இப்படங்களைக் காண்போர் பெரும்பாலும் ஒரு வினாவையே வினவுகின்றனர்: இயந்திரம் மனிதனாகுமா? எமது கருத்தில் அது இரண்டாவது வினா. இயந்திரத்தைப் படைத்து வேலை வாங்குபவன் மனிதனாக நிற்கின்றானா என்பதே முதல் வினா. சிறந்த படங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன. ஏனையவை அதனை மறைக்கின்றன. இதனை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். 'றோபோ' என்று உலகம் வழங்கும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகம் ஒன்றிலிருந்து பிறந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப் சாப்பெக். அதன் வேராகிய 'றொபொற்றா' என்பது, குடியானவர் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்ட கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். ஒஸ்திரியப் பேரரசில் அவ்வூழியம் 1848 இல் ஒழிந்தது. எனவே, இச்சொல் பிறக்கும்போதே அதனுள் ஒலித்தது இரும்பின் ஓசையன்று, கட்டாய உழைப்பின் பெருமூச்சே என்பது தெற்றென விளங்கும்.

இத்தகைய ஊழியம் நம் நாட்டில் இராஜகாரியம் எனப் பெயர் பெற்றிருந்தது. கோல்புறூக், கமரூன் என்னும் இருவர் நடத்திய ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து, 1830 களின் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. அவ்விருவருள் ஒருவராகிய சார்ள்ஸ் ஹே கமரூன் பின்னர் இலங்கையிற் கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளரானார். 1880 இல் மறைந்த அவர், நம் பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய வளவில், தமக்கு ஓராண்டு முன் மறைந்த மனைவி ஜூலியா மார்கரட் கமரூனுடன் துயில்கின்றார். கட்டாய ஊழியம் சட்டத்தில் ஒழிந்தது. ஒழிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மலைகளைத் திருத்தக் கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாகக் கடல் கடந்து வந்தன. ஊழியத்தின் பெயர் மாறியதேயன்றி, மனிதனைக் கையாக மட்டும் எண்ணும் எண்ணம் மாறவில்லை. கடன் தீர்ந்ததற்குத் துரை தரும் 'துண்டு' இல்லாதவன் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர இயலாதிருந்த முறை 1921 வரை நீடித்தமை இதற்குச் சான்று.

கமரூன் அம்மையார் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பெரியோர் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கையில் அவர் படம்பிடித்த எளிய மாந்தர் பெரும்பாலும் பெயரின்றியே எஞ்சினர். முகம் இருக்கின்றது, பெயர் இல்லை. இக்குறிப்பை நினைவிற் கொண்டு திரைப்படத்துக்குச் செல்வோம்.

1927 இல் ஜெர்மனியில் வெளிவந்த 'மெற்றோபோலிஸ்', செயற்கை மனிதப் படங்களுக்கெல்லாம் தாய் எனலாம். பிறிற்ஸ் லாங் நெறிப்படுத்திய அந்த மௌனப் படத்தில் நகரம் இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றது. மேலே உடைமையாளரின் மாளிகைகளும் பூங்காக்களும். நிலத்தின் கீழே தொழிலாளர் குடியிருப்பு. நகரத் தலைவனின் மகன் களைத்து வீழும் ஒரு தொழிலாளியின் இடத்தில் தான் நின்று இயந்திரத்தை இயக்குகின்றான். அத்தொழிலாளியின் தொப்பியிற் காணப்படுவது 11811 என்னும் இலக்கம். பின்னர் றொட்வாங் என்னும் விஞ்ஞானி, தொழிலாளர் போற்றும் மரியா என்னும் நங்கையின் உருவத்தை ஓர் இயந்திரப் பாவைக்கு அளித்து, அவர்களை ஏமாற்ற விடுகின்றான். படத்தின் அழகு யாது? மரியாவின் முகம் பூண்ட பாவையைக் காட்டுமுன்னரே, தலைகுனிந்து ஒரே நடையாக வேலைமாறும் மனிதர் வரிசையை அது காட்டிவிடுகின்றது. பாவை ஒன்றுதான், பாவையாக்கப்பட்டோர் பல்லாயிரவர். குறையும் உண்டு. இறுதியில் முதலாளியும் மேற்பார்வையாளனும் கைகுலுக்கிக் கொள்வதோடு படம் அமைதி அடைகின்றது. 11811 என்ற இலக்கம் பெயராக மாறியதா என்று படம் கேட்கவில்லை.

அதனைக் கேட்கும் படம் 1982 இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. றிட்லி ஸ்கொட் இயக்கிய 'பிளேட் றன்னர்', 2019 ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கற்பனை செய்தது. அங்கே செயற்கை மனிதர் பிற கோள்களில் அடிமை வேலைக்காகப் படைக்கப்படுகின்றனர். நான்கு ஆண்டுகளே அவர்க்கு ஆயுள். பூமிக்கு மீண்டால் கொல்லப்படுவர். ஆயினும் அதிகாரிகள் அதனைக் கொலை என்று கூறாது, 'ஓய்வளித்தல்' என்று கூறுவர். கொடுமை முதலிற் சொல்லில் மறைகின்றது என்பதை இப்படம்போல் உணர்த்திய படம் அரிது. ஒருவர் உண்மை மனிதரா என்று அறியக் கண்ணை நோக்கிக் கேள்விகள் கேட்கும் ஒரு சோதனை நடைபெறுகின்றது. சோதிக்கப்படுவோர் தமக்கும் பிறப்பும் நினைவும் உண்டு என நிறுவப் பழைய புகைப்படங்களைப் பேணி வைத்திருக்கின்றனர்.

மலையகத்து வாசகர்க்கு இக்காட்சி எதிர்காலக் கற்பனையாகத் தோன்றுமா? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனையும் தந்தையின் பிறப்பை, அன்றேல் பாட்டன், பூட்டன் ஆகிய இருவரின் பிறப்பை நிறுவுமாறு கேட்டது. லயத்தில் பிறந்தவருட் பலர்க்கு நிறுவுதற்கேற்ற கடதாசி இல்லை. 1964 இல் இந்திய, இலங்கைத் தலைவர் இருவர் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்ற நிலை பெரிதும் தீர்ந்தது. திரைப்படங்கள் கேடுற்ற உலகை வருங்காலத்தில் வைக்கின்றன. எம்மவர் அதனைக் கடந்த காலத்தில் வைத்திருக்கின்றனர்.

நிற்க. தமிழ்த் திரையுலகம் இப்பொருளை எவ்வாறு கையாண்டது? ஷங்கர் இயக்கி 2010 இல் வெளிவந்த 'எந்திரன்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் உரையாடலில் பங்கு கொண்ட சுஜாதா, தமிழில் விஞ்ஞானக் கதையை வளர்த்த முன்னோடி. படம் வெளிவருமுன் 2008 இல் மறைந்தார். வசீகரன் என்னும் விஞ்ஞானியாகவும், அவர் பத்தாண்டு முயன்று படைத்த சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் நடித்தார். படைத்தவனுக்கும் படைப்புக்கும் ஒரே முகம் என்பது வெறும் நட்சத்திரக் கவர்ச்சியன்று. கருத்தாழம் மிக்க அமைப்பு. அவ்வாழத்தைப் படம் பயன்கொண்டதா என்பதே கேள்வி.

தீவிபத்துக் காட்சி இதற்கு விடை தருகின்றது. குளியலறையிற் சிக்கிய ஒரு பெண்ணைச் சிட்டி ஆடையற்ற நிலையில் ஊரார்முன் தூக்கி வருகின்றது. நாணம் தாங்காது ஓடிய அப்பெண் வாகனத்தில் அடிபட்டு மாள்கின்றாள். நாண் அறியாத பாவையின் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. ஆயினும் படம் அறிந்த நாண், மகளிரின் உடல் நாணம் ஒன்றே. வள்ளுவர் முதன்மை தந்த நாண், தகாத செயலுக்குக் கூசும் நாண், படத்தில் எவரிடம் இருக்கின்றது? கட்டளையின் நன்மை தீமை அறியாத பொறி என்று சிட்டியை நிராகரிக்கும் போரா, தானே அழிவுப் பொறிகளை விற்க முயல்பவன். அவனை விடுவோம், அவன் வில்லன். நாயகனாகிய வசீகரன் செய்வது யாது? சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டுகின்றார். உணர்ச்சி பெற்ற அது காதல் கொண்டு, இராணுவத்தின்முன் சொன்னபடி நடவாதபோது, கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டில் எறிகின்றார். அவ்வெட்டு அவரைச் சிறிதும் கூசவைக்கவில்லை. படமும் அவரைக் கூசுமாறு கேட்கவில்லை. அதன்பின் சிவப்புச் சில்லும், பெருகிவரும் பாவைப் படையும், வாணவேடிக்கை போன்ற போருமாகக் கதை ஓடிவிடுகின்றது. சமைப்பதும் ஏவல் செய்வதும் காப்பதுமாக உழைத்த ஒன்றின் உரிமை என்ன என்ற வினா, காதற் போட்டியின் கீழ்ப் புதைந்து போகின்றது.

எனினும் இறுதிக் காட்சியிற் படம் தன்னை மீட்டுக்கொள்கின்றது. நீதிமன்றத் தீர்ப்பின்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கின்றது. பின்னர் 2030 இல், நூதனசாலையில் அதனைக் காணும் பள்ளிச் சிறுமி, ஏன் பிரிக்கப்பட்டாய் என வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்ற பொருள்பட அது விடையிறுக்கின்றது. முழுப் படத்தினும் கனமுடையது இவ்விடையே. உழைக்கும்வரை வரவேற்பு, சிந்தித்தால் தண்டனை என்னும் நியதி இரும்புக்கு மட்டும் உரியதன்று.

2018 இல் வந்த '2.0' இவ்வுணர்வை வளர்க்கவில்லை. அங்கே நிலா என்னும் பெண்ணுருப் பாவை வசீகரனுக்கு உதவியாளாக அமைகின்றது. அழகும் பணிவும் களைப்பின்மையும் ஒருங்கே பெற்ற ஏவலாள் வேண்டும் என்ற ஆசை அங்கே குற்றமாக அன்று, வசதியாகவே காட்டப்படுகின்றது. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குச் சென்ற மலையகச் சிறுமியரை அறிந்த கண்கள் அக்காட்சியைச் சிரித்துக் கடக்க இயலாது.

இங்கே ஒரு தடை எழலாம். தொழிலாளரை இயந்திரத்தோடு ஒப்பிடுதல் அவர்க்கு இழுக்கன்றோ என்பர். இழுக்கு ஒப்பீட்டிலன்று, கணக்கேட்டில் இருந்தது. தோட்டத் தமிழில் ஒருநாட் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறை கொழுந்து பறியாதவளுக்கு 'அரைப்பேர்'. பேர் என்பது பெயர்; ஆளையும் குறிக்கும். பிரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் சென்று, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு மீண்ட ஒருத்தி, நிறுவைத் தராசின்முன் அரை ஆளாகக் குறைதலை அச்சொல் தானே கூறிவிடுகின்றது. சாப்பெக்கின் சொல்லில் எவ்வளவு வரலாறு உண்டோ, அவ்வளவு வரலாறு இச்சொல்லிலும் உண்டு. அதனை வழங்கிய மக்கள் பாவைகளாக இருந்ததில்லை. பேரைக் குறைத்தெழுதிய கைகளே வள்ளுவர் கூறிய மரப்பாவையின் கைகள்.

இன்று கணினிகள் பேசவும் எழுதவும் கற்றுவிட்டன. இயந்திரம் மனிதனை வெல்லுமோ என்ற அச்சம் திரையில் இன்னும் பல வடிவங்களில் வரும். அவ்வச்சத்தைக் காட்டும் படம் ஒன்றைக் காணும்போது மாணவர் மூன்று வினாக்களை எழுப்புவாராக. அப்பாவை யாருக்காக உழைக்கின்றது? அதன் உழைப்புக்கு என்ன பெயர் சூட்டப்படுகின்றது? அதனை முறிக்கும்போது எவர் நாணுகின்றனர்? இவற்றிற்கு விடை தரும் தமிழ்ப் படம் இனித்தான் வரவேண்டும். அதனை எழுதுதற்கு வேண்டிய சொற்கள் சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களைவிட எம் மலைகளில் மிகுதியாக உள்ளன. முழுப்பேர் இன்னதென்று அறிந்தவர், இம்மலைகளில் அரைப்பேர் பெற்றவரின் பிள்ளைகளே அன்றோ!