எண்சுவடியும் அட்சரகணிதப் பின்னமும்

பண்டைத் திண்ணைப் பள்ளிகளிற் பயின்ற எண்சுவடி இன்று வழக்கொழிந்தது. அஃது ஒழிந்தமையாலேயே நம் மாணவர் பின்னங் கண்டு அஞ்சுகின்றனர் என்றும், அதனை மீட்டால் அச்சம் நீங்கும் என்றும் கூறுவாருளர். பழம்பெருமை பேசுதல் இனிதே. எனினும், ஒரு நூலை அதன் பயன்கொண்டு மதித்தலே திறனாய்வின் கடனாகும்.

எண்சுவடியின் சிறப்பை முதற்கண் நோக்குவாம். மா என்பது 1/20. காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. ஒரு மாவில் ஒரு காணியைக் கழிக்கவேண்டின், கீழெண்ணாகிய பகுதி வேறுபடுதல் கண்டு அக்காலச் சிறுவன் தியங்கான். மா என்பது 16 முந்திரி, காணி என்பது 4 முந்திரி, எஞ்சுவன 12 முந்திரி, அதுவே முக்காணி. வேறுபட்டவற்றை ஓரினமாக்கிய பின்னரே கழித்தல் கூடும் என்னும் உண்மை அவன் நாவிற் பழகியிருந்தது. இது சிறிய பேறன்று.

ஆயினும் குறை இரண்டுள. 320 என்பது 2, 5 என்னும் எண்களின் பெருக்கத்தால் மாத்திரம் ஆயது. ஆதலின் மூன்றிலொன்றை முழு முந்திரிகளாற் கூறல் இயலாது. 1/102400 ஆகிய கீழ்முந்திரிக்கு இறங்கினும் அஃது அகப்படாது. பொதுப்பகுதி ஆயத்தமாகக் கையிற் கொடுக்கப்பட்டமையால், அதனைத் தேடும் வழியை மாணவன் கற்றிலன். இது முதற்குறை. அவ்வழியோ நம் நாட்டவர் அறியாததன்று. 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் தமது கணிதசாரசங்கிரகத்திலே, பகுதிகளின் பொதுமடங்குகளுட் சிறியதைக் கண்டு பின்னங்களை ஓரினமாக்கும் முறையை வகுத்துள்ளார்.

இரண்டாவது குறை அட்சரகணிதத்திலே புலனாகும். 1855இல் யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' வெளிவந்தது. ஆதலின் இத்துறை தமிழுக்குப் புதிதன்று. தெஹிவளையில் மாலைதோறும் என்னிடம் பாடங் கேட்கும் மாணவர்க்கு அண்மையில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: 3/(ய − 1) என்பதிலிருந்து (ய + 2)/(ய² − 1) என்பதைக் கழிக்க. ய² − 1 என்பது (ய − 1)(ய + 1) ஆதலின், அதுவே பொதுப்பகுதி. இதனைக் கூரிய மாணவன் ஒருவன் செவ்வனே கண்டான். ஆனால் மேலெண்ணை 3ய + 3 − ய + 2 என எழுதி, 2ய + 5 என முடித்தான். ய என்பதற்கு 2 என இட்டுப் பார்க்கச் சொன்னேன். முதற்பின்னம் 3, கழிக்கப்படுவது 4/3, அவன் விடையோ 9/3, அஃதாவது 3. கழித்தும் ஒன்றுங் குறையவில்லையே என அவனே வியந்தான்.

பின்னக்கோடு அடைப்புக்குறியின் தொழிலையுஞ் செய்வது. ய + 2 முழுவதுங் கழிக்கப்படவேண்டும். எனவே 3ய + 3 − ய − 2, அஃதாவது 2ய + 1 என்பதே மேலெண். விடை (2ய + 1)/(ய² − 1). ய = 2 எனின் 5/3; இது பொருந்தும். எண்சுவடியிற் கழிக்கப்படுவது என்றும் முடிந்த ஓரளவே. 4 முந்திரியுள் குறி மாறுதற்கு இடமில்லை. ஆதலின் அந்நூலை முற்றும் மனனஞ் செய்தவனும் இவ்விடத்து வழுக்குவான்.

எனவே எண்சுவடியை மீட்டல் மருந்தாகாது. ஓரினமாக்கிக் கழித்தல் என்னும் அதன் உயிர்க்கருத்தே கொள்ளத்தக்கது. ஆனால் ஆசிரியராகிய நாம் இன்று செய்வதென்ன? 'குறுக்கே பெருக்கு' என்னும் சூத்திரத்தைக் காரணங் கூறாது மாணவர் வாயில் ஊட்டுகின்றோம். எண்சுவடி போயிற்று என வருந்தும் நாமே இன்னோர் எண்சுவடியைப் படைத்துவிட்டோம். பழையதாவது முந்திரி என்னும் அளவைக் கண்முன் நிறுத்திற்று. நாம் படைத்ததோ அதனையுஞ் செய்திலது.