முத்திரைக்குள் முடங்கிய உண்மை

சென்னை அண்ணா சாலையிலிருந்து வெளிவரும் ‘இந்து’ நாளேடு 2019-இல் ரஃபேல் போர் விமானப் பேரத்தின் கோப்புகளை அச்சேற்றியது. களவுபோன ஏடுகள், அரசாங்க இரகசியச் சட்டப்படி குற்றம் என்று உச்சநீதிமன்றத்தில் முழங்கிற்று ஒன்றிய அரசு. ஏப்ரல் 10-இல் அவ்வாதம் வீழ்ந்தது. மகிழ்ந்தோம்; நோய் தீர்ந்ததா?

வெள்ளையன் 1923-இல் விட்டுச்சென்ற அச்சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்! இரகசியம் எது என்ற இலக்கணமே அதில் இல்லை. அதிகாரி முத்திரை குத்தினால் இரகசியம். குத்திய முத்திரை எந்நாள் அழியும்? அதற்கும் விடை இல்லை. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் முடிந்தது. அரசு இன்றும் வெளியிடவில்லை. குல்தீப் நய்யார் கேட்டார். 2010-இல் தகவல் ஆணையமும் மறுத்தது. களத்தில் மாண்ட வீரனின் மகன் கிழவனாகிவிட்டான். தந்தையைச் சாகவிட்டவர் யாரென அவன் அறிவது நாட்டுக்கு ஆபத்தாம்!

முத்திரை குத்தும்போதே காரணத்தையும் காலக்கெடுவையும் எழுதிவைக்கச் சட்டம் வேண்டும் என்கிறோம்.