விலை சொல்லும் உரிமை

ஆயர் மகளிரைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லிற்று என்று கேட்டால், ஏறு தழுவிய காளையை மணந்த மங்கையைக் காட்டுவர். மாயவனைப் பாடிக் குரவையாடிய கோதையரைக் காட்டுவர். வீரனுக்குப் பரிசாகவும் கடவுளுக்குப் பாட்டாகவும் அவளை நிறுத்திவிட்டு ஏட்டை மூடிவிடுவர். மூடிய ஏட்டை நாம் திறப்போம்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். விடியலில் தயிர் கடைகிறாள். மோர்ப்பானையைத் தலையில் ஏற்றிச் சென்று விற்கிறாள். வந்த வருவாயில் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல், எருமையும் பசுவும் பெறுகிறாள். பொன் பெட்டியில் உறங்கும். பசு கன்று ஈனும்! இதற்கு எவரிடமும் அவள் அனுமதி கேட்டதாகப் பாட்டில் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், ‘கிடை’ என்னும் குறுநாவலில் இன்னொருத்தியைக் காட்டினார். ஆடு மேய்க்கும் செவனி, ஒடுக்கப்பட்ட குலத்தவள். எல்லப்பனும் அவளும் காதலிக்கின்றனர். முடிவு என்ன? அவனுக்கு வேறொருத்தியோடு திருமணம். அவளுக்குப் பேயோட்டும் சடங்கு!

ஆசிரியர் கண்டிக்கவில்லை, கண்ணீர் வடிக்கவுமில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொண்டார். அதைக் குறை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் படிப்போர் “ஐயோ, பாவம்!” என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினால், அது குறை. அவளைப் பிடித்தது பேயல்ல, சாதி! ஓட்டப்பட வேண்டியதும் அதுவே.

ஆய்மகளுக்குத் தன் நெய்க்கு விலை சொல்லும் உரிமை இருந்தது. செவனிக்குத் தன் வாழ்வைப் பற்றிச் சொல்லவும் வாய் இல்லை. இடையே தொலைந்தது எது? உடைமையும் உரிமையும்!

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு எனத் தமிழகம் சட்டம் செய்தது 1989-இல். அறுபது ஆண்டுகள்! 2011-இல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வழங்கும் அரசுத் திட்டம் வந்தது. சட்டம் வந்தது, ஆடும் வந்தது, அதிகாரம் வந்ததா?

சாத்தான்குளத்துத் தோழர்களே! தேரிச் செம்மணலில், பனை நிழலில் ஆட்டின் பின்னே நடக்கும் பெண்ணைப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கன்னி ஆட்டுக்கு அப்பெயர் வந்தது, மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதால் என்பர். சீராக வந்த ஆடு யாருடையது? விற்கும் நாளில் விலை சொல்வது யார்? பணம் யார் மடியில் முடிகிறது?

இலக்கியத்தை எடைபோடவும் இக்கேள்விகளே போதும். அவள் அழகை எத்தனை அடியில் பாடினான் என்று எண்ண வேண்டாம். அவள் உழைப்பின் விலையை அவள் வாயால் சொல்லவிட்டானா என்று பாருங்கள். பிறகு வீட்டுத் தொழுவத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.