பழைய வினாத்தாள் கற்றுத்தருவதும் கெடுப்பதும்

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் கூடும். கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் வினாத்தாள்கள், யூனிட் வாரியாகப் பிரித்த கொஸ்டின் பேங்க், விடையோடு கூடிய டூ மார்க்ஸ் தொகுப்பு எல்லாம் அங்கே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பொறியியல், வணிகவியல், வரலாறு என்று துறை எதுவானாலும் தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் கையாளும் முறை ஒன்றுதான். அடிக்கடி வந்த கேள்விகளைக் குறித்துக்கொள்கிறார்கள். அவற்றுக்கு விடை தயார் செய்கிறார்கள். இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கும் ஆசிரியர்களும் உண்டு, இது ஒன்றே வழி என்று சொல்லித்தருபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. பழைய கேள்வி நல்ல பயிற்சிக் களம். ஆயத்த விடையை எல்லாப் பாடத்துக்கும் பொது அச்சாக்கும்போதுதான் படிப்பு கெடுகிறது.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குப் பாடத்திட்டம் என்பது தலைப்புகளின் வரிசை மட்டுமே. எந்தத் தலைப்பை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்று அது சொல்லாது, வினாத்தாள் சொல்லும். எழுதும் நேரத்தையும் அதுவே பழக்குகிறது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் 13 மதிப்பெண் வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 23 நிமிடம்தான். இந்தக் கணக்கு கைக்குப் பழகாமல், நன்றாகப் படித்தும் கடைசி வினாவை எட்டாமல் போனவர்கள் ஏராளம்.

நினைவாற்றலைப் பற்றிய ஆய்வும் இம்முறைக்குத் துணை நிற்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேள்விக்கு விடை எழுதிப் பார்ப்பது உண்மையான படிப்பு.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கைடுகளில் கேள்விக்கு அடுத்த வரியிலேயே விடை இருக்கிறது. அதைப் பத்து முறை வாசிப்பவர் கேள்வியைப் பயிற்சி செய்யவில்லை, விடையை மறுவாசிப்பு செய்கிறார். தேர்வு முடிந்த அடுத்த வாரமே பாடம் மறந்துபோவதில் வியப்பில்லை.

வினாத்தாளின் அமைப்பும் இந்தக் குறுக்குவழிப் படிப்புக்குத் துணைபோகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைப்படி, 2 மதிப்பெண்ணில் பத்து வினாக்கள், 13 மதிப்பெண்ணில் ஐந்து, 15 மதிப்பெண்ணில் ஒன்று. வழக்கமாக ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு சிறு வினாக்களும் ஒரு 13 மதிப்பெண் வினாவும் வரும். மூன்று யூனிட்களைப் படித்தாலே 51 மதிப்பெண்ணுக்கு எழுதிவிடலாம். மீதி இரண்டை விட்டுவிடலாம் என்ற கணக்கை மாணவர் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. தாள் அதைச் சொல்லிக்கொடுக்கிறது. அரியர் பயத்தில் இருப்பவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது.

இவற்றைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு பாடமும் வேறு வகைச் சிந்தனையைக் கேட்கிறது என்பதை ஆயத்த விடை என்ற இந்தப் பொது அச்சு மறைத்துவிடுவது. கட்டடப் பொறியியலில் அடிக்கடி வரும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 4 மீட்டர் கான்கிரீட் உத்திரம், நீளம் முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சுமை. சுமையை நீளத்தின் இருபடியால் பெருக்கி எட்டால் வகுத்தால், அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் 20 கிலோநியூட்டன் மீட்டர். அதே உத்திரத்தை ஒரு முனையில் மட்டும் இறுகப் பிடித்துக் கேன்டிலீவர் ஆக்கினால் எட்டுக்குப் பதில் இரண்டால் வகுக்க வேண்டும், விடை 80. நான்கு மடங்கு. எண்ணோடு மாற்றம் நின்றுவிடுவதில்லை. முதல் உத்திரத்தில் இழுவிசை கீழ்ப்பக்கம், அதனால் முக்கியக் கம்பி கீழே. கேன்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம், கம்பியும் மேலே இருக்க வேண்டும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது ஏன் என்று தெரியாது. நாளை அவர் மேற்பார்வையில் எழும் பால்கனியில் கம்பி இடம் மாறினால் அது உயிர் பற்றிய விஷயம்.

வரலாற்றில் தேவை வேறு. நீதிக்கட்சி ஆட்சியின் சாதனைகளை விளக்கச் சொன்னால், 1921இன் வகுப்புவாரி அரசாணை, பெண்களுக்கு வாக்குரிமை, அறநிலையச் சட்டம் என்று பட்டியல் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். 1920 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த கட்சி 1937இல் ஏன் தோற்றது என்று கேட்டால் அந்தப் பட்டியல் உதவாது. காரணங்களை எடைபோட்டு, எது முதன்மை, எது துணை என்று வாதாட வேண்டும். கணக்குப்பதிவியலிலோ, இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாக வந்த பிறகும் ஐயம் வேண்டும். இயந்திரம் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே எழுதியிருந்தாலும் மொத்தம் சமமாகத்தான் வரும். பிழை மட்டும் உள்ளேயே இருக்கும். ஒரு பாடம் காரணத்தையும், ஒன்று வாதத்தையும், ஒன்று சரிபார்ப்பையும் கேட்கிறது. இந்த மூன்றுக்கும் ‘முன்னுரை, ஐந்து பாயின்ட், முடிவுரை’ என்று எழுதுவது பக்கத்தை நிரப்பும், பாடத்தைத் தராது.

ஆகவே பழைய வினாத்தாளைக் கைவிடத் தேவையில்லை; அதைக் கையாளும் விதத்தை மாற்ற வேண்டும். விடை பார்க்கும் முன் எழுதிப் பார்க்கலாம். எழுதியபின் கேள்வியில் ஒரு நிபந்தனையை மாற்றி, விடையில் எது மாறுகிறது, எது மாறாது என்று சோதிக்கலாம். கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945இல் வெளியான தம் நூலில் கணக்குத் தீர்க்கும் நான்கு படிகளைச் சொன்னார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, திட்டமிடுவது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. நம் மாணவர்களுக்கு மூன்றாம் படியில் மட்டுமே பயிற்சி கிடைக்கிறது. முதலும் கடைசியும்தான் எல்லாத் துறைக்கும் பொருந்தும் பொதுத்திறன்.

இந்தப் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. அதே கேள்விகளை ஆண்டுதோறும் கேட்டுவிட்டு, மனப்பாடம் செய்கிறார்கள் என்று வருந்துவதில் நேர்மை இல்லை. ஒவ்வொரு தாளிலும் இரண்டு பெரிய வினாக்களாவது புதிய சூழலை முன்வைக்கட்டும்; விடைக்குறிப்பில் காரணம் சொன்னதற்கும் தனி மதிப்பெண் இருக்கட்டும். யோசிப்பதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மாணவர் யோசிப்பார். கொஸ்டின் பேங்க்கும் அன்று உண்மையான பாடத்துணை ஆகிவிடும்.