ஒரே ஆட்டம், இரு களங்கள்: மாரியோ கார்ட் 8 உணர்த்தும் விற்பனைக் கணக்கு

ஒரு வீடியோ கேமின் விற்பனையைத் தீர்மானிப்பது அதன் தரமா, அது வெளியாகும் கன்சோலா என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று; ஆட்டம், கருவி, காலம் மூன்றும் சேர்ந்தே மாறிவிடுவதால், எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று பிரித்தறிய முடிவதில்லை. விளையாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட கணினிகளான கன்சோல்களின் வரலாற்றில், இந்தச் சிக்கலைப் பெருமளவு விலக்கிக் காட்டும் அரிய சான்றாக நின்டெண்டோ நிறுவனத்தின் 'மாரியோ கார்ட் 8' அமைந்துள்ளது.

2014 மே மாதம் 'வீ யூ' கன்சோலில் வெளிவந்த இந்தப் பந்தய ஆட்டம், விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும், ஏறத்தாழ 85 இலட்சம் பிரதிகளோடு நின்றுவிட்டது. அதுவே 2017 ஏப்ரலில் 'டீலக்ஸ்' என்ற அடைமொழியுடன் 'ஸ்விட்ச்' கன்சோலுக்கு வந்து, 2024 மார்ச்சுக்குள் 6 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ஒரே நேரத்தில் இரண்டு ஆயுதங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் வசதியும், மோதல் ஆட்டத்திற்கெனத் தனி அரங்குகளும் புதிதாகச் சேர்ந்தன என்றாலும், பந்தயத் தடங்களும் வண்டியோட்டும் முறையும் பெரும்பாலும் பழையனவே. விற்பனையோ ஏழு மடங்காயிற்று.

இங்கே 'இணைப்பு விகிதம்' என்ற அளவுகோல் உதவுகிறது. ஒரு கன்சோலை வாங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் குறிப்பிட்ட ஆட்டத்தையும் வாங்கினர் என்பதைத் தோராயமாகக் காட்டுவது அது. மொத்தம் 1.36 கோடி விற்ற வீ யூவில் இவ்விகிதம் 62. 2024 மார்ச்சில் 14 கோடியைக் கடந்திருந்த ஸ்விட்சில் 44 மட்டுமே. தோற்ற கருவியில் இந்த ஆட்டம் தன் ஆற்றலுக்கு மேலேயே சாதித்தது என்பதும், அந்தச் சாதனைக்கு உச்சவரம்பு விதித்தது கருவியே என்பதும் இதனால் தெளிவாகின்றன. ஸ்விட்ச் பதிப்பு ஏழாண்டுகள் தொடர்ந்து விற்றதும் இவ்வெற்றிக்கு ஒரு காரணமே. ஆனால் அந்த நீண்ட ஆயுளை அளித்ததும் அக்கருவியின் செல்வாக்குதான்.

10 கோடிக்கு மேல் விற்ற முந்தைய 'வீ' கன்சோலின் துணைக்கருவி என்றே பலரும் வீ யூவைத் தவறாகக் கருதினர். விற்பனை மந்தமாகவே, வெளி நிறுவனங்களும் தம் ஆட்டங்களை அதற்குத் தருவதைக் குறைத்துக்கொண்டன. ஸ்விட்சோ தொலைக்காட்சியிலும் கையிலும் இயங்கியதோடு, அதன் கட்டுப்பாட்டுக் கருவியை இரண்டாகப் பிரித்து இருவர் உடனே பந்தயத்தில் இறங்கவும் வழிசெய்ததால், இத்தகைய ஆட்டத்திற்கு இயல்பான களமாயிற்று.

கன்சோலைத் தாமே தயாரிக்காத நிறுவனங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். தன் 'மான்ஸ்டர் ஹன்டர்' தொடரைப் பல ஆண்டுகள் கையடக்கக் கருவிகளில் வளர்த்த கேப்காம், 2018-இல் 'மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டு' ஆட்டத்தைப் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகிய மூன்றிலும் வெளியிட்டு 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2023-இல் 'ஃபைனல் ஃபேன்டசி 16' ஆட்டத்தைப் பிளேஸ்டேஷன் 5-இல் மட்டும் முதலில் வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸும், அடுத்த ஆண்டே பல தள வெளியீட்டைத் தன் கொள்கையாக அறிவித்தது.

கருவி வாங்கியவர்களுள் எத்தனை பேர் ஓர் ஆட்டத்தை விரும்புவர் என்பதைத் தரம் முடிவுசெய்கிறது. அந்த ஆட்டத்தை வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை முடிவுசெய்வது தளமே. ஆகவே, விற்பனை எண்ணை மட்டும் கொண்டு ஓர் ஆட்டத்தின் தகுதியை அளப்பது, அதை உருவாக்கிய கலைஞர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.