மாயப்படையும் அதன் வரையறையும்

திருநெல்வேலிச் சீமையின் முக்கூடல், பள்ளு நூலால் தமிழுலகம் நன்கறிந்த பெயர். அந்நூலில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதியைக் கற்றோர், அச்சொற்போரும் ஒரு முறைமைக்கு உட்பட்டதென்பதை உணர்வர். ஒருத்தி மற்றவள் வழிபடும் தெய்வத்தின் செயலைக் குறையாக எடுத்துரைப்பின், மற்றவள் அதற்கு ஈடான கதை ஒன்றனையே விடையாகத் தருகின்றாள். பொருநைக் கரையூர்களின் கோயிற்கொடைகளிற் பாடப்பெறும் சுடலைமாடன் வில்லுப்பாட்டில் போர் மந்திரப் போராகின்றது. அங்கும் மலையாள நாட்டு மந்திரவாதியின் ஆற்றல் எல்லையற்றதாக இல்லை. பலிக்குரிய முறையாற் கட்டுண்ட அவன், சூல்கொண்ட தன் மகளையே பலியிட நேர்ந்து, பின்னர்த் தானும் மாள்கின்றான். ஆற்றலைக் காட்டிலும் அதனைக் கட்டும் விதியே கதையை நடத்துகின்றது.

நம் காப்பியங்களில் வரும் தெய்வப்படைப் போர்களை வெறும் உயர்வு நவிற்சியெனக் கருதி விரைந்து கடந்துவிடும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. அப்பகுதிகள் விதிகளைப் பற்றியன என்பதும், விதிக்குப் பொருள்கொள்ளும் முறையிலேயே மாந்தரின் இயல்பு புலப்படுகின்றதென்பதும் எம் கருத்து. இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒப்புமைக்கு மேலைநாட்டு விளையாட்டு ஒன்று பெரிதும் உதவும். 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கத்தில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நிற்க, நடுவர் ஒருவர் களத்தை உரைத்து விதியை நடத்துவர். தாயக்கட்டையை உருட்டுதல்போல இருபது முகக் காய் ஒன்றை உருட்டி, தாக்குதல் பட்டதா என்பதைத் துணிவர். மந்திரத் தாக்குதலுள் சிலவற்றிற்கு ஏவுவோர் உருட்டுவர். சிலவற்றிற்கோ இலக்கானவரே தப்புதற்பொருட்டு உருட்டுவர். அவ்வாட்டத்தின் பழைய விதிப்படி, ஓதிய மந்திரம் ஓதியவன் நினைவினின்றும் நீங்கிவிடும். ஜாக் வான்ஸ் என்பார் 1950இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து பெற்ற கருத்து இது. பரசுராமர் சாபத்தாற் கன்னன் உற்ற வேளையில் தன் படைக்கலத்துக்குரிய மந்திரத்தை மறந்ததை அறிந்த நமக்கு இது புதியதன்று.

அவ்வாட்டத்தினர் ஓயாது வழக்கிடும் வினா ஒன்றுண்டு: விதியின் சொல்லைக் கொள்வதா, அதன் கருத்தைக் கொள்வதா? நம் உரையாசிரியர் நூற்பாதோறும் எதிர்கொண்ட வினாவும் இதுவே. ஆட்டத்தைக் காப்பியத்தோடு ஒப்பிடல் தகுமோ எனின், தகும் என்க. போரை வெட்சி முதலாகத் திணையும் துறையுமாக வகுத்து வரையறை கண்ட தொல்காப்பியம் நம்முடையதன்றோ?

முதற்கண் கன்னனின் நாகக்கணையை நோக்குவோம். வில்லிபுத்தூரார் பாரதத்தில், அருச்சுனன்மீது அதனை ஒருமுறைக்குமேல் தொடுத்தலாகாதெனக் குந்தி வரம் வேண்டுகின்றாள், கன்னனும் இசைகின்றான். போர்க்களத்திற் கண்ணன் தேரை அழுத்த, கணை முடியைக் கவர்ந்து உயிரை விடுத்துச் செல்கின்றது. மீண்டும் தொடுக்குமாறு நாகம் வேண்டவும் கன்னன் மறுத்துவிடுகின்றான். ஈண்டு வழக்கிற்கு இடமுண்டு. இலக்கிற் படாத கணை தொடுத்த கணையாகுமா? தேரைத் தாழ்த்தியது பகைவர் சூழ்ச்சியாயின் அம்முறை கணக்கிற் சேருமா? மேலை ஆட்டத்தின் விதி, குறி தவறினும் மந்திரம் செலவாயிற்று என்றே கூறும். கன்னனும் அவ்வாறே கொண்டான். ஆயின் ஆடுவோன் நடுவர் கூறக் கேட்டு அதற்கு உடன்படுகின்றான். கன்னனோ கேட்பாரின்றியும் தனக்கு எதிராகத் தானே தீர்ப்புரைக்கின்றான். வியாசரிடத்தும் கன்னன் மறுக்கின்றான் எனினும், பிறர் வலியால் வெல்ல விரும்பாமை அங்குக் காரணமாகின்றது. தாய்க்கு அளித்த சொல்லைக் காரணமாக்கியதனாலேயே தமிழ்ப் பாரதத்தில் இது விதி பற்றிய சிக்கலாகின்றது.

இந்திரன் அளித்த வேலும் ஒருமுறைக்கே உரியது. அருச்சுனனுக்கென வைத்திருந்த அதனைப் பதினான்காம் நாள் இரவுப் போரிற் கடோற்கசன்மேல் எறிய நேர்கின்றது. விதியின் சொல் நிறைவேற, அதனைப் பேணி வைத்த நோக்கம் அழிகின்றது.

அடுத்து, இலக்கு ஒன்றாகவும் அழிவு பலவாகவும் உள்ள படைகள். மேலை ஆட்டத்தில் தீயுருண்டை என்னும் மந்திரம் 20 அடி ஆரத்துள் நின்ற நட்பையும் பகையையும் ஒருங்கே எரிக்கும். கம்பர் காட்டும் அயன்படையும் இத்தகையது. இந்திரசித்தன்மேல் அதனை விட இலக்குவன் எண்ணியபோது, உலகுக்கு ஊறாகுமெனக் கருதி இராமன் தடுத்தான். போரிற் கலவாதார்க்கு முன்னறிவித்து அம்பு விடும் அறத்தை, நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டில் முன்னரே காண்கின்றோம். இராமன் கொண்ட பொருள் அம்மரபினது. ஆயின் அவ்வெண்ணத்தை உணர்ந்த இந்திரசித்தன் அப்படையைத் தானே முந்திக்கொண்டு விட, இலக்குவனும் வானரப் படையும் வீழ்ந்தனர். விதியை அறத்தின்பாற் கொண்டவன் இழப்பை ஏற்றான் என்பதைக் கம்பர் மறைக்கவில்லை.

தப்பும் வழியிலும் வேறுபாடு உளது. மேலை ஆட்டத்திற் காயின் முகமே தப்புவிக்கும். துரோணர் மாண்டபின் அசுவத்தாமன் ஏவிய நாராயணப் படையினின்றும் தப்ப, படைக்கலம் துறந்து நிற்றலே வழி. வீமன் அதற்கு இசையாமையின் அவனை வலிந்து இழுத்து இறக்கினர். அங்குத் தப்புவிப்பது பணிவு. இடர் விளைப்பது வீரமே. வான்மீகத்தில் அனுமனைப் பிணித்த அயன்படை, அரக்கர் வேறு கயிற்றாற் கட்டியவுடன் நெகிழ்ந்துவிடுகின்றது. அப்படை பிறிதொரு கட்டைப் பொறாது என்னும் விதியை அரக்கர் அறிந்திலர். இந்திரசித்தன் அறிந்து வருந்துகின்றான். அனுமனோ விடுபட்டும் கட்டுண்டான்போல நடந்து இராவணனைக் காணச் செல்கின்றான்.

இனி, நடுவர் யாவர் என்னும் வினா எழும். மேலை ஆட்டத்தில் அவர் ஆடுவோர் எவர் பக்கமும் சாராதவர். பாரதத்தில் விதியின் நுட்பமெல்லாம் அறிந்த கண்ணனோ ஒரு பக்கத்தின் தேர்ப்பாகன். ஆகலின் அங்கு வெற்றியைக் கொண்டு நேர்மையை அளத்தல் இயலாது. தனக்கு ஊதியம் தரும் பொருளை விடுத்து, இழப்புத் தரும் பொருளைக் கொண்டவன் எவன் என நோக்குதலே தக்க அளவுகோலாகும். அவ்வளவுகோலால் இராமனும் கன்னனும் எதிரெதிர் நூல்களில் நின்றும் ஒருவரிசையில் அமைகின்றனர். ஒருவன் மீண்டான், மற்றவன் மாண்டான் என்னும் வேறுபாடு அதனை மாற்றாது.

மாயப்போர்ப் பகுதிகளைக் கற்கும் மாணவர் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம்: படையை அளித்தவர் யார்? எத்துணை முறைக்கு உரியது? யார்மேற் செல்லும்? தப்பும் வழி யாது? ஐயம் நேரின் பொருளுரைப்பவர் யார்? இவ்வினாக்களோடு வில்லுப்பாட்டுக் கதைகளையும் காப்பியங்களையும் ஒருங்குவைத்து ஆராயின், புனைவென ஒதுக்கப்பெற்ற பகுதிகளே அறவழக்கின் களமாதல் விளங்கும் என்பது எம் துணிபு.