‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் கடனும் கட்டுண்ட உழைப்பும்: அடிமைமுறை வரலாற்றின் துணைகொண்டு ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிரியதர்ஷன் எழுதி இயக்கிய ‘காஞ்சிவரம்’ (2008) பட்டு நெசவாளர் வாழ்வைக் கருவாகக் கொண்ட திரைப்படம். அதன் நாயகனை ‘அடிமை’ என்னும் சொல்லால் விளக்குவது எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வர்ஜீனியாவில் அடிமைமுறை உருவான வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. செங்கல்பட்டுப் பகுதியின் பண்ணையாள் முறையோடும் காஞ்சிபுரத் தறிகளின் முன்பண முறையோடும் அவை ஒப்பிடப்படுகின்றன. உழைப்பவனுக்கும் அவன் ஆக்கிய பொருளுக்கும் இடையிலான அந்நியத்தைப் படம் ஆழமாகக் காட்டினாலும், கட்டுண்ட உழைப்பு தலைமுறை கடந்து தொடரும் வழியைக் காட்டத் தவறுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

முக்கியச் சொற்கள்: காஞ்சிபுரம், அடிமைமுறை, கொத்தடிமை, ஆளோலை, பண்ணையாள், முன்பணம், பட்டு நெசவு.

முன்னுரை

55ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படத்திற்கான விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான விருதையும் பெற்றது ‘காஞ்சிவரம்’. பட்டு நெய்யும் வேங்கடம், தன் மகள் தாமரையைத் திருமணத்தின்போது பட்டுப்புடவை உடுத்தி அனுப்புவதாக அவள் குழந்தையாக இருக்கும்போதே வாக்களிக்கிறான். கூலியால் அதை நிறைவேற்ற இயலாத நிலையில், முதலாளியின் பட்டு இழைகளை வாயில் மறைத்துக் கொண்டுவந்து இரவில் இரகசியமாக நெய்கிறான். தொழிலாளர் போராட்டத்தை முன்னின்று நடத்தியவனே, புடவையை முடிப்பதற்காக வேலைக்குத் திரும்ப முனைகிறான். களவு வெளிப்பட்டுச் சிறைப்படுகிறான். இறுதியில் மகளின் உடலை மூடவும் அந்த அரைப்புடவை போதவில்லை.

வேங்கடத்தின் நிலையை ‘அடிமை வாழ்வு’ என்று சுட்டுவது எளிது. ஆயினும் தமிழில் ‘அடிமை’ என்னும் சொல் பக்தியிலும் அரசியலிலும் அன்றாடப் பேச்சிலும் பரந்து வழங்குவதால், அதன் வரலாற்றுக் கூர்மை மழுங்கியுள்ளது. வறுமை, சுரண்டல், கடன், அடிமைநிலை ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடையன, ஆனால் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறியாத திறனாய்வு, படத்தின் வலிமையையும் அதன் மௌனத்தையும் ஒருங்கே தவறவிடும்.

அடிமைநிலையின் மூன்று அளவுகோல்கள்

1619ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்திற்கு இருபதுக்கும் சற்று மிகுதியான ஆப்பிரிக்கர் கொண்டுவரப்பட்டனர். அப்போது அக்குடியேற்றத்தில் அடிமைகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. புகையிலைத் தோட்டங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர், கடற்பயணச் செலவுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்ட ஆங்கிலேய ஏழைகளே. முன்பணத்துக்கு உழைப்பால் ஈடு செய்யும் முறையே அங்கும் முதலில் பெருவழக்காக இருந்தது.

மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 1640இல் எசமானரிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்ட மூவருள் ஐரோப்பியர் இருவருக்குப் பணிக்காலம் சில ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கோ வாழ்நாள் முழுதும் பணிசெய்யுமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. 1662ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது. 1667ஆம் ஆண்டுச் சட்டம் ஞானஸ்நானம் பெறுவதால் அடிமைநிலை நீங்காது என்றது. 1705ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்தது.

இன வெறுப்பு முந்தியதா, அடிமைமுறை முந்தியதா என்னும் விவாதத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் நடத்தினர். ஆஸ்கர் ஹாண்ட்லினும் மேரி ஹாண்ட்லினும் 1950இல் அடிமைமுறையை முதன்மைப்படுத்தினர். கார்ல் டெக்லர் 1959இல் அதை மறுத்தார். வின்த்ராப் ஜோர்டன் 1968இல் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்றார். எட்மண்ட் மார்கன் 1975இல் வெளியிட்ட நூலில் ஏழை வெள்ளையரின் கிளர்ச்சி குறித்த அச்சத்தையும் இதனோடு இணைத்தார். இவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், வர்ஜீனியாவின் படிநிலைகள் மூன்று வினாக்களைத் தருகின்றன. உழைப்புக்குக் காலவரையறை உண்டா? உழைப்பவர் விலகிச் செல்லும் உரிமை உடையவரா? அவரது நிலை பிள்ளைகளுக்கும் இறங்குகிறதா? இவற்றுள் மூன்றாவதே கடனை அடிமைத்தனமாக மாற்றும் திருப்புமுனை.

ஆளோலையும் பண்ணையாளும்

இந்த மூன்றாம் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வரும் முதியவர் காட்டுவது, சுந்தரரின் பாட்டனார் தம்மையும் தம் வழிவருவோரையும் அடிமையாக எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் ஓர் ஆளோலை. அந்த நிகழ்ச்சி இறையருளின் திருவிளையாடலாகச் சொல்லப்படினும், பரம்பரை அடிமைநிலையை ஓர் ஓலை நிறுவ முடியும் என்பதை அவையோர் அறிந்திருப்பதாலேயே அக்காட்சி நம்பகத்தன்மை பெறுகிறது. பஞ்சக் காலத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு மகளிருடன் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரத்தின் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பசியின் பொருட்டுச் செய்துகொண்ட விற்பனையில் பிள்ளைகளும் அடங்கினர்.

காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இது சாதியோடு இறுகப் பிணைந்தது. நிலத்தின்மீது மிராசு உரிமை கொண்டோர், சேரியில் வாழ்ந்த பறையர் சமூகத்தாரின் உழைப்பின்மீதும் உரிமை கோரினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கி வைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது; ஆனால் எவரையும் விடுதலை பெற்றவரென நேரடியாக அறிவிக்கவில்லை; நிலமும் தரவில்லை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமே மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது.

சட்டம் கைவிட்டதைக் கடன் பற்றிக்கொண்டது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கை, அம்மாவட்டத்துப் பறையரின் நிலமின்மையையும் கடன்பட்டுப் பண்ணையாளாகக் கட்டுண்ட நிலையையும் அரசின்முன் வைத்தது. 1892ஆம் ஆண்டு அரசாணையின்வழி ஒதுக்கப்பட்டு, பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற நிலங்களுக்குப் பின்னணியாக அமைந்தது இவ்வறிக்கை. விடுதலை என்பது சொல்லால் மட்டும் நிகழாது, அதற்கு நிலம் வேண்டும் என்ற உண்மையை அந்த ஆணை தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டது.

வேங்கடத்தின் நிலை

மேற்கண்ட மூன்று வினாக்களை வேங்கடத்தின்முன் வைத்தால் கிடைக்கும் விடைகள் சிக்கலானவை. அவன் விலைக்கு வாங்கப்பட்டவன் அல்லன், கூலி பெறுகிறான், வீடும் குடும்பமும் உடையவன், வேலைநிறுத்தம் செய்யவும் இயல்கிறது. சட்ட நோக்கில் அவன் அடிமை ஆகான். எனினும் நூல், சரிகை, சந்தை ஆகிய மூன்றும் முதலாளியின் கையில் இருப்பதால், அவனது திறன் அவனுக்கு வேறு வாயிலைத் திறப்பதில்லை. விலகிச் செல்லும் உரிமை உண்டு, செல்வதற்கு இடமில்லை.

இந்த இக்கட்டைக் காட்சிப்படுத்துவதில்தான் படத்தின் வெற்றி அமைகிறது. பட்டு இழை வாயில் ஒளிக்கப்படும் காட்சி வெறும் களவுக்காட்சியாக நின்றுவிடுவதில்லை. உணவு செல்ல வேண்டிய வாய், பேச வேண்டிய வாய், நூலால் அடைபடுகிறது. போராட்டத்தில் உரிமை பேசிய வாயே முதலாளியின் நூலை மறைக்கும் வாயாகவும் இருப்பதால், அவனது தலைமையும் தந்தைமையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சுரண்டல் மனிதனை ஏழையாக்குவதோடு நில்லாமல் அவனது ஒழுக்கத்தையும் இரண்டாகப் பிளக்கிறது என்பதை இக்காட்சிகள் உரையாடல் துணையின்றியே உணர்த்துகின்றன.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. முதலாளியின் கொடுமை, காவல், சோதனை ஆகியவற்றின் வழியாகவே படம் கட்டுப்பாட்டைக் காட்டுகிறது. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டுத் தறிகளில் நடந்த தொழில். பாவும் நூலும் சரிகையும் எடைபோட்டுத் தரப்படும். நெய்த புடவை எடைபோட்டுப் பெறப்படும். அங்கே கண்காணிப்பைத் தராசும் கணக்குப் புத்தகமும் செய்தன. நெசவாளர் பெற்ற முன்பணம் தீராதவரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. ஒரு முதலாளியின் தீய குணத்தைச் சார்ந்திராத இந்த அமைப்பு, நல்லவர் கையிலும் அதே வேலையைச் செய்யும். காவலாளின் சோதனையைக் காட்டும் படம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவில்லை.

வாக்கும் அடகும்

படத்தின் உணர்ச்சி மையம் தந்தை மகளுக்குத் தரும் வாக்கு. தாமரை பட்டுப்புடவையைப் பெற வேண்டியவள்; அவளுக்காகத் தந்தை உழைக்கிறான், திருடுகிறான், வீழ்கிறான். பிள்ளை இங்கே உழைப்பின் பயனைப் பெறும் இடத்தில் நிற்கிறது.

காஞ்சிபுரத்தின் சமூக வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் கொண்டுள்ளது. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் நெசவாளருடன் ஓர் உதவியாள் தேவை. பக்கக் கரையின் நாடாவைத் தள்ளும் அந்த இடத்தில் நெடுங்காலமாகச் சிறுவர் சிறுமியரே அமர்த்தப்பட்டனர். மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கட்டுண்ட குழந்தை உழைப்பைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பு ஈடாகும் முறையை அது பதிவு செய்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தினர் துணையுடன் நடக்கும் பணியிடங்களுக்கு விலக்களித்ததால், வீட்டுத் தறி சட்டத்தின் பார்வைக்கு எளிதில் எட்டவில்லை.

ஆளோலையிலிருந்து இந்தத் தறிவரை ஒரே கோடு ஓடுகிறது: முன்னோர் பெற்றதற்குப் பின்னோர் உழைக்கின்றனர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதை நன்கு உணர்ந்தது. உழைப்பவர் தாமே பெற்ற முன்பணத்தோடு, அவருடைய மூதாதையர் பெற்ற முன்பணத்தையும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததனால் வரும் கடப்பாட்டையும் அச்சட்டம் கொத்தடிமைக்குரிய காரணங்களாக வரையறுத்தது. அக்கடன்களையும் ஒழிந்தனவாக அறிவித்தது. வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பின்மீது கட்டிய முடிச்சை, இந்தியச் சட்டம் 314 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நிலத்தில் அவிழ்க்க முயன்றது எனலாம்.

இப்பின்னணியில் நோக்கினால், மகளைப் பரிசு பெறுபவளாக மட்டும் வைத்த கதையமைப்பு தந்தையின் துயரத்தைக் காவியமாக்கும் அதேவேளையில், பட்டுத் தொழிலில் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைக் காட்சிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. வேங்கடத்தின் அவலம் அவனோடும் தாமரையோடும் முடிகிறது. அடிமைமுறையின் கொடுமை அவ்வாறு முடிவதில்லை என்பதே அதன் இயல்பு.

தறிக்கு அப்பால்

மற்றொரு மௌனமும் குறிக்கத்தக்கது. பட்டுத்தறிகளின் நகரத்தைச் சுற்றியிருந்தவை நெல்வயல்கள். படம் சித்திரிக்கும் காலத்தில் அவ்வயல்களில் உழைத்தோர் பலர், சில தலைமுறைகளுக்கு முன் அடிமைகளாகப் பதிவு செய்யப்பட்டோரின் வழிவந்தவர்கள். கோயில், தறி, முதலாளி என்ற முக்கோணத்துக்குள் நகரை அடக்கும் கதையில் சேரி இடம்பெறவில்லை. ஒரு திரைப்படம் அனைத்தையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஆயினும் அப்படத்தைக் ‘காஞ்சிபுரத்தின் அடிமை வாழ்வு’ எனத் திறனாய்வாளர் போற்றும்போது, அச்சொல்லைச் சட்டத்தின்படியே சுமந்தவர்களின் இடம் நெசவாளருக்கு மாற்றித் தரப்படுகிறது. நெசவாளரின் துயரம் உண்மையானது. அதை உணர்த்துவதற்கு அடுத்தவரின் பெயரைக் கடன்வாங்கத் தேவையில்லை.

முடிவுரை

வர்ஜீனியாவின் வரலாறு காட்டுவது, கடனுக்கு ஈடான உழைப்புக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையில் இயற்கையான மதில் இல்லை என்பது. காலவரையறை நீங்கி, விலகும் உரிமை மறுக்கப்பட்டு, பிள்ளையின் பிறப்பும் கணக்கில் சேரும்போது ஒன்று மற்றொன்றாகிறது. செங்கல்பட்டில் இது எதிர்த்திசையிலும் நடந்தது: சட்டம் அடிமையை மறுத்தபின் கடன் அவ்விடத்தை நிரப்பியது. ‘காஞ்சிவரம்’ இவ்வெல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவனின் கதை. அவன் நெய்ததை அவன் உடைமையாக்க இயலாத முரணை அப்படம் மறக்கவியலாதபடி காட்டுகிறது. அந்த முரணைத் தலைமுறைதோறும் கொண்டுசெல்லும் கணக்குப் புத்தகத்தையும், தறியின் ஓரத்தில் அமர்த்தப்பட்ட பிள்ளையையும் காட்டும் படைப்பு வேறொன்றாக இருக்கும். முற்றுப்பெறாத புடவை தாமரையின் உடலை மூடப் போதாததுபோல, தந்தையின் துயரம் ஒன்றே காஞ்சிபுரத்தின் கட்டுண்ட உழைப்பு வரலாற்றை மூடப் போதுமானதன்று. இவ்வரலாற்றைப் படைப்பிலக்கியத்தோடும் திரைப்படத்தோடும் இணைத்து வாசிக்கும் ஆய்வுகள், ‘அடிமை’ என்னும் சொல்லை அளந்து கையாளுவதிலிருந்து தொடங்க வேண்டும்.